நாய் இல்லாத துரை

நம் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. இப்போது கையில் நாலோ ஐந்தோ போட்டுக்கொண்டு பிள்ளைகள் அப்படியே பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். அன்றைக்கு அந்த ஊசியின் பேரைச் சொல்லித்தான் நம்மைத் தெருநாயிடமிருந்து விலக்கி வைத்தார்கள். உங்களில் யாராவது பதினான்கையும் வாங்கியவர்கள் இருந்தால் நீங்கள் புண்ணியம் செய்தவர்கள். என் தம்பி ஏழுதான் வாங்கினான்.

என்னிடம் ஒரு பழைய பவுடர் டப்பா இருக்கிறது. அதற்குள் ஒரு துரை நிற்கிறார். என் சுண்டுவிரல் உயரம், ஈயத்தில் வார்த்தது, அளவுக்கு மீறிய கனம். சிவப்புக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை, இடுப்பில் வாள், தலையில் கறுப்புத் தொப்பி. வலது கை வாளின் பிடியில் இருக்கிறது. இடது கை கீழே நீண்டு, எதையோ தடவப் போவதுபோல் நிற்கிறது. அந்தக் கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. அவருக்குப் பக்கத்தில் ஒரு நாய் நின்றது. அது நின்ற இடத்தில் இப்போது ரம்பம் ஓடிய கோடுகள் மட்டும் இருக்கின்றன.

அம்மாவின் தம்பி பட்டாளத்தில் இருந்தார். வடக்கே ஓர் ஆபீசர் வீட்டில் அவருக்கு வேலை. அந்த ஆபீசர் கண்ணாடி அலமாரி நிறைய இந்த மாதிரி பொம்மைகளைச் சேர்த்து வைத்திருந்தாராம். பழைய காலத்து சிப்பாய்கள், குதிரைக்காரர்கள், பீரங்கிகள். ரிட்டயர் ஆகிப் போகும்போது வீட்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் குதிரைக்காரனை எடுத்தார்கள், மாமா நாய்க்காரத் துரையை எடுத்தார். என் தம்பிக்கு நாய் என்றால் உயிர் என்று அவருக்குத் தெரியும்.

அந்தத் துரை நிஜமாகவே இருந்தவர் என்று மாமா சொன்னார். இருநூறு வருடத்துக்கு முன்னால் எங்கோ குளிர் தேசத்தில் ஒரு சண்டை. துரை குண்டடிபட்டு விழுந்தார். கூடவே போன நாய் அவர் நெஞ்சின்மேல் படுத்துக்கொண்டு மூன்று நாள் யாரையும் கிட்டே விடவில்லை. இதைக் கேட்டு நான் கண்கலங்கினேன். தம்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "மூணு நாளும் அதுக்கு யாரு மாமா சோறு போட்டா?" மாமா பொம்மையைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். பொம்மைக்கு அடியில் இங்கிலீஷில் ஏதோ பொறித்திருந்தது, துரையின் பெயராக இருக்கும். எங்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. தம்பி நாய்க்கு மட்டும் மணி என்று பேர் வைத்தான். துரை வெறும் துரைதான்.

எமர்ஜென்சி முடிந்து ஆட்சி மாறிய வருடம் அது. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. சங்கரன்கோவிலில் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா லாரி டிரைவர், மிளகாய் வத்தல் மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போனால் வருவதற்கு மாசம் ஆகிவிடும். வீட்டுப் பொறுப்பெல்லாம் அப்பாவின் அண்ணனுக்கு. பெரியப்பா பூக் கமிஷன் கடை வைத்திருந்தார். விடியும் முன்பே இளையரசனேந்தல் பக்கத்திலிருந்தெல்லாம் பிச்சியும் மல்லியும் ஈரச் சாக்கில் வந்து இறங்கும். பெரியப்பாவின் சட்டை, தலை, அவர் தொடும் சில்லறை எல்லாமே பூ வாசம் அடிக்கும். பெரியம்மா கல்யாணமான மூன்றாம் வருடமே தவறிவிட்டாள். அவருக்குப் பிள்ளை கிடையாது. நாங்கள்தான் பிள்ளைகள், அதிலும் தம்பிதான்.

அம்மா பெரியப்பாவிடம் பேச மாட்டாள். சண்டை ஒன்றும் இல்லை, அந்தக் காலத்து வழக்கம். புருஷனின் அண்ணனுக்கு முன்னால் தம்பி பெண்டாட்டி வந்து நிற்கவும் கூடாது, வாய் திறக்கவும் கூடாது. உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் முன்னால் பட்டாசல் என்கிற கூடம், அங்கே பெரியப்பா இருப்பார். கடைசியில் அடுக்களை, அங்கே அம்மா இருப்பாள். நடுவில் நெல் மூட்டை அடுக்கிய இருட்டறை. பெரியப்பா ஒன்று கேட்டால் நான் இருட்டறையைத் தாண்டிப் போய் அம்மாவிடம் சொல்வேன். அம்மா சொல்வதை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வருவேன். உப்பு வேண்டும் என்பதிலிருந்து அப்பாவின் காகிதம் வந்ததா என்பது வரை எல்லாம் என் வாய் வழியாகத்தான் போய்வரும். எனக்கு அதில் பெருமை. நான் இல்லாவிட்டால் இந்த வீடே ஊமையாகிவிடும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனி மாசக் கடைசியில் அம்மாவுக்குத் தங்கச்சி பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. நாற்பது நாள் கழியாமல் அவள் வாசலைத் தாண்டக் கூடாது. அப்போதுதான் தம்பியை நாய் கடித்தது. மார்க்கெட்டுக்குப் பின்னால் அழுகின பூவைக் கொட்டும் குப்பைமேடு ஒன்று உண்டு. அங்கே படுத்துக் கிடந்த செவலை நாய். வலது கையில், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நல்ல கடி. கடித்துவிட்டு அது ரயில்வே கேட்டுப் பக்கமாக ஓடிப்போய்விட்டது. கடிபட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தான். அழவில்லை. என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னான்.

"யக்கா, தொர மாதிரி தலையில கைய வச்சேன். அது மணி மாதிரி நிக்கல."

பெரியப்பா சைக்கிளில் அவனை முன்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பதினான்கு நாள், தினம் ஒன்று போட வேண்டும் என்றார்கள். இத்தனைக்கும் அது அவருக்கு வியாபார நேரம். கொட்டிய பூ வாடிக்கொண்டிருக்கும், வாங்க வந்தவர்கள் ஏசுவார்கள். கடையை அப்படியே விட்டுவிட்டுப் போவார். நானும் கேரியரில் உட்கார்ந்து போவேன். இரும்புக் கட்டிலில் தம்பியைப் படுக்கவைத்து, பெரியப்பா காலைப் பிடிக்க வேண்டும், நான் கையைப் பிடிக்க வேண்டும். அந்த மருந்து வெள்ளையாக, சிரிஞ்சு நிறைய இருக்கும். முதல் இரண்டு நாள் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டான். மூன்றாம் நாளிலிருந்து ஆஸ்பத்திரித் தெரு திரும்பும்போதே அலற ஆரம்பித்தான். வயிறு கல்லாக வீங்கி, போட்ட இடமெல்லாம் தடித்து, ஊசி குத்தப் புது இடம் தேட வேண்டியிருந்தது. ஆறாம் நாள் அவன் என்னைப் பார்த்து, நீயும் அவர்கள் ஆளா என்று கேட்டான். ஏழாம் நாள் ஊசி முடிந்து வெளியே வந்தபோது பெரியப்பா ஆஸ்பத்திரிச் சுவரோரமாகச் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதார். ஆம்பளை அழுது அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அன்று மத்தியானம் கடைக்கு வந்த ஒருவர், அந்தச் செவலை நாயை ரயில்வே கேட்டில் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். நன்றாக இருக்கிறது, ரொட்டி போட்டால் தின்கிறது என்றாராம். கடித்த நாய் சாகாமல் இருந்தால் பயமில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஊரில் செவலை நாய் எத்தனை இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. பெரியப்பா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

எங்கள் கோவில் வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டில் பாம்பு வந்தால் பாம்பு உரு, தேள் கொட்டினால் தேள் உரு, தகட்டில் செய்தது சந்நிதித் தெருக் கடைகளில் கிடைக்கும். வாங்கி உண்டியலில் போட்டுவிட்டால் அதன் விஷம் நம்மை அண்டாது. பெரியப்பா நாய் உரு கேட்டு ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். நாயை யார் செய்து வைப்பார்கள்? ஒரு கடைக்காரர், கடிபட்டது கைதானே, வெள்ளியில் கை இருக்கிறது, அதை வாங்கிப் போடுங்கள் அண்ணாச்சி என்று நல்ல புத்திதான் சொல்லியிருக்கிறார். பெரியப்பாவுக்கு அது ஒப்பவில்லை. கடித்தது நாய், கையைப் போட்டால் நாய்க்கு எப்படித் தெரியும் என்பது அவர் கட்சி. வீட்டுக்கு வந்து பட்டாசலில் உட்கார்ந்தவர், என்னைக் கூப்பிட்டார்.

தம்பியின் துரைப் பொம்மையில் இருக்கிற நாயை மட்டும் ஆசாரியிடம் கொடுத்து அறுத்து எடுத்து உண்டியலில் போட்டுவிடலாம், நாயும் உயிரோடு திரியுது, இனிமேல் ஊசி வேண்டாம், பிள்ளை தாங்க மாட்டான். இதுதான் அவர் சொன்னது. கடைசியில், "உங்க அம்மைட்ட கேட்டுட்டு வா. அவ வேண்டாம்னா வேண்டாம்" என்றார்.

இந்தக் கடைசி வார்த்தையை மறந்துவிடாதீர்கள். நான் மறக்கவில்லை.

அடுக்களையில் அம்மா தங்கச்சிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை முழுசாகக் கேட்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"உரு போடட்டும். நம்ம சாமிதான். ஆனா ஊசி பதினாலும் போட்டுரணும்னு சொல்லு. ஒண்ணு கூட விடப்படாது. நான் சொன்னேன்னு சொல்லு."

இருட்டறையில் தம்பி பாயில் படுத்திருந்தான். சட்டை வயிற்றில் உரசாமல் இருக்க மேலே ஏற்றிவிட்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நான் தாண்டும்போது என் பாவாடையைப் பிடித்து நிறுத்தினான். தலையணைக்கு அடியிலிருந்து துரையை எடுத்தான். அந்தப் பொம்மையை அவன் யாரையும் தொட விட்டதில்லை. குளிக்கப் போனால்கூட கிணற்றடியில் வைத்துக்கொள்வான். அதை என் கையில் வைத்து விரலை மடக்கினான்.

"மணியை எடுத்துக்கிடச் சொல்லு. ஊசி வேண்டாம்னு அம்ம சொன்னான்னு சொல்லு யக்கா."

நான் பட்டாசலுக்குப் போனேன். அடுக்களையிலிருந்து பதினைந்து தப்படி இருக்கும். பெரியப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன வார்த்தை வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தம்பிக்கும் அதே வார்த்தைதான் வேண்டும். எனக்கும்தான். மறுநாள் காலையில் அவன் கையைப் பிடிக்க என்னால் முடியாது. உள்ளதைச் சொல்கிறேன், வீட்டில் எல்லாரையும் சந்தோஷப்படுத்துகிற சேதியைச் சொல்லும் வாயாக இருக்கவும் ஆசைதான். பொம்மையை நீட்டினேன்.

"அம்ம சரின்னாவ" என்றேன்.

ஆசாரி பட்டறையில் தம்பியும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். நகை அறுக்கும் மெல்லிய ரம்பம். ஈயம் மிருதுவானது, சீக்கிரம் போய்விட்டது. துரையின் உள்ளங்கை நாயின் தலையோடு ஒட்டி வார்த்திருந்தது. ஆசாரி எவ்வளவோ நிதானமாகத்தான் செய்தார். அப்படியும் இரண்டு விரல் நுனி நாயின் தலையோடு வந்துவிட்டது. பெரியப்பா திட்டினார். தம்பி நாயைக் கையில் வாங்கி அந்த நுனியைத் தடவிப் பார்த்தான். "தொர வெரலு கூட இருக்கு. மணி பயப்படாது" என்றான். அப்போது எனக்கு அவன்மேல் ஏற்பட்ட பிரியத்தை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தில் கோவிலுக்குப் போனோம். புற்றுமண் எடுத்துக் கடிவாயில் பூசினார் பெரியப்பா. உண்டியல் தம்பிக்கு எட்டவில்லை, அவரே தூக்கிப் பிடித்தார். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. காசு விழும் சத்தம் மாதிரி இல்லை, பொத்தென்று கேட்டது. தம்பி கொஞ்ச நேரம் உண்டியல் வாயில் கண்ணை வைத்து உள்ளே பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், ஊசி போட்டாச்சா என்று. நான் இல்லை என்றேன். "நான் சொன்னதச் சொன்னியாட்டி?" என்றாள். சொன்னேன் என்றேன். என்ன சொன்னாவ என்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல், "வேண்டாம்னுட்டாவ" என்றேன். அவளுக்கு மேல்முறையீடு செய்ய வீட்டில் வேறு வாய் கிடையாது. அப்பாவுக்கு என்னை வைத்து ஒரு கார்டு எழுதினாள், லாரி எந்த ஊரில் நிற்கும் என்று தெரியாமல். மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் தம்பி வயிற்று வீக்கம் வடிந்து தெருவில் பம்பரம் விட்டான். அதைப் பார்த்து அவளும் கொஞ்சம் தேறினாள். நானும் நான் செய்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோவிலில் ஆடித் தபசுத் திருவிழா வந்தது. பெரியப்பாவுக்குக் கடையில் மூச்சுவிட நேரமில்லை, அவ்வளவு பூ. நாற்பது கழிந்திருந்த அம்மா தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு கோவிலை ஆடிச்சுற்று சுற்றினாள். நூற்றியெட்டு என்று நேர்ந்திருந்தாள். தபசுக் காட்சி அன்று காடுகரை வைத்திருக்கும் சம்சாரிகள் தங்கள் விளைச்சலில் பருத்தியும் வத்தலும் சாமியைப் பார்த்து அள்ளி வீசினார்கள். தம்பி பெரியப்பா தோளில் உட்கார்ந்து ஒரு பருத்திச் சுளையைப் பிடித்துவிட்டான். சட்டைப் பையில் நாயில்லாத துரை, கையில் பருத்தி. அவனை நான் சந்தோஷமாகப் பார்த்த கடைசி நாள் அது.

ஆவணி பிறந்து ஒரு வாரம் இருக்கும். கடிபட்ட கை குறுகுறுக்கிறது என்றான். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் தாகமாக இருக்கிறது என்று தண்ணீர் கேட்டான். அம்மா டம்ளரைக் கொண்டுவந்தாள். வாங்கினான், வாய்க்குக் கொண்டுபோனான், தொண்டை இழுத்துக்கொண்டது, டம்ளரை எறிந்தான். மறுபடியும் தண்ணீர் கேட்டான். இதை இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். டாக்ஸி பிடித்துத் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாளில் முடிந்துவிட்டது. பெரியப்பா கடைக்கு வந்த பூ மொத்தத்தையும் அன்றைக்கு யாருக்கும் விற்கவில்லை. எல்லாச் சாக்கும் எங்கள் வீட்டு வாசலில்தான் அவிழ்ந்தது. பிச்சிப்பூ வாசம் அடித்தால் இன்றும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்துபோகிறேன்.

அப்பா வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா அழுகையின் நடுவே ஒரே ஒரு தடவை, "பதினாலும் போடச் சொன்னேனே" என்று சொன்னாள். பெண்களின் ஒப்பாரியில் அது வாசலில் நின்ற பெரியப்பாவுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மா அப்பாவிடம், இனி இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றாள். அப்பா காரணம் கேட்கவில்லை. அம்மா தானே சொல்லியிருப்பாள். ஒரு வாரத்தில் ஊரின் மறு கோடிக்கு வீடு மாற்றிப் போனோம். அண்ணனும் தம்பியும் அதன்பிறகு எதிரே பார்த்தால் தெரு மாறிப் போனார்கள். என் கல்யாணத்துக்குப் பெரியப்பா மண்டபம் நிறைய பூ அனுப்பினார். அம்மா அதை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. சாமிதான் நாயை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டது என்று கோவில் இருந்த திசையைப் பார்க்காமல் இருந்தேன். என் மகனை நாய் கடித்தபோதுதான் டாக்டர் அட்டை போட்டுக் கொடுத்து, ஒரு ஊசியைத் தவறவிட்டாலும் உத்தரவாதம் கிடையாது என்றார். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதன்பின் தெரியாது என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. பதினான்கையும் போட்டிருந்தால் பிழைத்திருப்பானா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை போனேன். அவளுக்கு வெறுக்க ஓர் ஆள் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து அதைப் பிடுங்கி, அந்த இடத்தில் என்னைக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

போன வருடம், பெரியப்பா தொண்ணூறைத் தொடப் போகிறார், படுக்கையாகிவிடுவார் போலிருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். அதே வீடு. நெல் மூட்டை இல்லாத இருட்டறை. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக அதில் தனியாக இருந்திருக்கிறார். பவுடர் டப்பாவை எடுத்துப்போயிருந்தேன். துரையைக் கையில் வாங்கி, சிதைந்த விரலைப் பெருவிரலால் தடவினார். வெள்ளியிலே கை வாங்கிப் போட்டிருக்கணும், கடைக்காரன் சொன்னான், நான் கேக்கல என்றார். இத்தனை வருடமும் அவர் கணக்கு அதுதான். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க அம்மைட்ட கேட்டுத்தானட்டி நிப்பாட்டினேன். அவ வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா பதினாலும் போட்டிருப்பேன். அவதான் சரின்னா. பொறவு ஏன் சாகுத வரைக்கும் என் மூஞ்சில முழிக்கல? உனக்குத்தான் தெரியும். நீதான நடுவுல நின்ன."

அடுக்களையும் பட்டாசலும் இருட்டறையும் அப்படியே இருந்தன. சொல்ல வேண்டிய வார்த்தை வாய்க்குள் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"தெரியலையே பெரியப்பா" என்றேன்.

அவர் தலையாட்டினார். சுவரைப் பிடித்துப் பிடித்து எழுந்து, வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் அடுக்களைக்குப் போய், பானையில் மொண்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். வழியிலேயே பாதி சிந்தியிருந்தது. அம்மா சாகும்வரை தொடாத தண்ணீர், தம்பி கேட்டுக் கேட்டுக் குடிக்க முடியாமல் போன தண்ணீர். "இதையாவது குடிச்சிட்டுப் போ மக்கா" என்றார். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

மாசியில் அவரும் போய்விட்டார். இனி எந்தப் பக்கமும் போய்ச் சொல்ல ஆள் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன். அம்மா அன்றைக்குச் சொன்னது இதுதான்: ஊசி பதினாலும் போட்டுரணும், ஒண்ணு கூட விடப்படாது.